மோனா லிசாவுக்கு முதுகைக் காட்டி நின்றால்: லூவரில் 'கானா ஊர்க் கலியாணம்'

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் 711ஆம் அறைக்குள் நுழைகிற கூட்டம் ஒரே பக்கமாகத்தான் நகரும். கை தலைக்கு மேலே, கையில் போன், போன் திரையில் 77 செ.மீ. உயரமே உள்ள அந்தப் பெண். அத்தனை பேரின் முதுகுக்குப் பின்னால், எதிர்ச் சுவரில், ஒரு கலியாண விருந்து நடந்துகொண்டிருக்கிறது. 6.77 மீட்டர் உயரம், 9.94 மீட்டர் அகலம், சுமார் 130 ஆட்கள், நாய்கள், ஒரு பூனை, ஒரு கிளி, நடுவில் கச்சேரி வேறு. லூவரிலேயே பெரிய ஓவியம் இதுதான். ஆனால் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு, திரும்புகிறவர்களும் 'அடேயப்பா, எவ்வளவு பெருசு' என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள்.

வெனிஸ் ஓவியர் பாவ்லோ வெரோனேசே 1562-63இல் வரைந்தது. படத்துக்கும் அது மாட்டியிருக்கிற இடத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறேன், இரண்டையும் கலந்தால் படத்துக்கு அநியாயம் ஆகிவிடும். படத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அறைக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று 2019இல் சுவருக்கு அடித்த கருநீலத்துக்கு. முன்பிருந்த மஞ்சள் சாயலைவிட இதில் வெனிஸ் ஓவியர்களின் சிவப்பும் தங்க நிறமும் நன்றாக எடுப்பாகத் தெரிகின்றன.

கதை தெரியாமல் இந்தப் படத்தின் முன்னால் நிற்பதில் பெரிய பயன் இல்லை, அதனால் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். யோவான் சுவிசேஷம், இரண்டாம் அதிகாரம். கலிலேயாவில் கானா என்ற ஊரில் ஒரு கலியாணம். நடுவிலேயே திராட்சரசம், அதாவது ஒயின், தீர்ந்துபோகிறது. மரியாள் மகனிடம் சொல்கிறார், அவர் 'என் வேளை இன்னும் வரவில்லை' என்கிறார், ஆனாலும் அங்கிருந்த ஆறு கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார். வேலைக்காரர்கள் விளிம்பு வரை நிரப்பி, மொண்டு, பந்திவிசாரிப்புக்காரனிடம் கொண்டுபோகிறார்கள். அவன் ருசித்துப் பார்த்துவிட்டு மணமகனைக் கூப்பிட்டு, எல்லாரும் நல்ல ரசத்தை முதலில் கொடுப்பார்கள், நீர் கடைசி வரைக்கும் வைத்திருந்தீரே என்கிறான். இதில் பலர் கவனிக்காமல் கடக்கிற ஒரு விஷயம் உண்டு. அந்த ரசம் எங்கிருந்து வந்தது என்று பந்திவிசாரிப்புக்காரனுக்குத் தெரியாது, தண்ணீரை மொண்ட வேலைக்காரருக்குத் தெரியும் என்று சுவிசேஷமே சொல்கிறது. விருந்தினர் யாருக்கும் எதுவும் தெரியாது. பரிமாறுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டால் பத்து மீட்டர் படமும் பிடிபட்டுவிடும் என்பது என் கட்சி. பெரும்பாலான வழிகாட்டிகள் நடுவில் இருக்கிற இயேசுவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், அது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்படி ஆரம்பித்தால் அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கிற கூட்டம் வெறும் அலங்காரமாகப் போய்விடும், 'ஏன் இவ்வளவு பேர்?' என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது. நீங்கள் வலது கீழ் மூலையிலிருந்து ஆரம்பியுங்கள்.

அங்கே மஞ்சள் உடையில் ஒருவன் கனத்த சாடியைச் சாய்த்துச் சிறிய குடுவைக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறான். உடம்பே வளைந்து நிற்கிறது, பாரம் தெரிகிறது. தண்ணீராக உள்ளே போனது சிவப்பாக வெளியே வருகிறது. அற்புதம் நடந்து முடிந்த இடம் இதுதான், இவ்வளவு பெரிய படத்தின் ஒரு மூலையில், ஒரு வேலையாளின் கைக்குக் கீழே. பக்கத்திலேயே ஒரு பூனை மல்லாந்து படுத்துக்கொண்டு சாடியின் மேல் செதுக்கிய முகத்தைப் பிறாண்டி விளையாடுகிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இந்தப் பூனையைப் பார்க்காமல் போகாதீர்கள், நின்று தேடினால்தான் கண்ணில் படும்.

அதற்கு மேலே வெள்ளைப் பட்டில் பூவேலைப்பாடு போட்ட உடையுடன் ஒருவர் நிற்கிறார், கையில் கண்ணாடிக் கிண்ணம், உள்ளே சிவப்பு. அதை உயர்த்தி, ருசிக்குமுன் நிறத்தைப் பார்க்கிறார். இந்த வெள்ளை உடையின் முன்னால் கொஞ்ச நேரம் செலவழியுங்கள். தூரத்திலிருந்து பளபளக்கும் பட்டு, கிட்டே போனால் பட்டே இல்லை. மடிப்பு திரும்புகிற இடங்களில் வேகமாக இழுத்த வெள்ளைக் கோடுகள், நடுவில் சாம்பல், அதன் மேல் பூ வேலையைத் தொடர்ச்சியாகக் கூடப் போடாமல் அங்கங்கே விட்டுவிட்டுத் தொட்ட தூரிகைத் தீற்றல்கள். மிச்சத்தை நம் கண் நிரப்பிக்கொள்ளும் என்று ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு அடி முன்னால் போய்ப் பாருங்கள், பின்னால் வந்து பாருங்கள், எந்த இடத்தில் கோடுகள் துணியாக மாறுகின்றன என்று தெரியும்.

இப்போது படத்தின் இடது ஓரத்துக்கு. மணமக்கள் அங்கேதான், மேசையின் கடைக்கோடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கலியாணமே அவர்களுடையது, ஆனால் நடு இடம் அவர்களுக்கு இல்லை! ஒரு சிறுவன் மணமகனிடம் ரசக் கிண்ணத்தை நீட்டுகிறான். மூலையில் ஊற்றிய ரசம் படத்தின் முழு அகலத்தையும் கடந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அருகே முன்னால் பச்சை அங்கியில் நிற்கிற ஆளைப் பந்திவிசாரிப்புக்காரன் என்பார்கள். அந்தப் பச்சைக்கு ஒரு வம்பு உண்டு. 1989இல் தொடங்கிய சீரமைப்புக்கு முன்பு அது சிவப்பு அங்கி. மேலே இருந்த சிவப்பு பிற்காலத்தில் யாரோ பூசியது என்று எடுத்துவிட்டார்கள், இல்லை, அது வெரோனேசேயே மனம் மாறிப் பூசியதாக இருக்கலாம் என்று பிரான்சில் கலைஞர்கள் பலர் சண்டைக்கு வந்தார்கள். என் கண்ணுக்குப் பச்சை உறுத்தவில்லை. ஆனால் பழைய பிரதிகளில் சிவப்போடு பார்த்தால் அந்த இடது பக்கத்துக்கு வேறு ஒரு கனம் இருப்பது உண்மைதான்.

வேலையாட்கள் வழியாக இப்படி ஒரு சுற்று வந்த பிறகு நடுவுக்கு வாருங்கள். இயேசு அசையாமல், நேராக நம்மைப் பார்த்தபடி இருக்கிறார். சுற்றிலும் எல்லாரும் திரும்பி, சாய்ந்து, எட்டிப் பார்த்து, ஒருத்தி பல் குத்திக்கொண்டுகூட இருக்கிறாள். அவர் மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. இப்போது அவர் தலைக்கு நேர் மேலே பாருங்கள்: மேல்தளத்தில் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒருவன் கத்தியை ஓங்கி இறைச்சி வெட்டிக்கொண்டிருக்கிறான். கீழே மேசையில் விருந்தினர்கள் பழமும் இனிப்பும் எடுத்துக்கொள்கிற கட்டத்துக்கு வந்தாயிற்று, பிறகு யாருக்காக இந்த இறைச்சி? பந்தி முடிகிற நேரத்தில் வெட்டப்படுவது எந்த ஆட்டுக்குட்டி என்று, இயேசுவையே பலி ஆட்டுக்குட்டி என்று அழைக்கிற கிறிஸ்தவப் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியே நேர் கோட்டில் கீழே இறங்கினால் இசைக் கலைஞர்களின் மேசை மேல் ஒரு மணல் கடிகாரம். 'என் வேளை இன்னும் வரவில்லை' என்றாரே, அந்த வேளை சாவு வேளை. மேலே கத்தி, நடுவில் முகம், கீழே மணல். கலியாணச் சத்தத்துக்கு நடுவே செங்குத்தாக ஒரு சாவுக்கோடு ஓடுகிறது, அதை அந்த விருந்தில் யாருமே பார்க்கவில்லை.

அந்த இசைக் கலைஞர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வெள்ளை உடையில் வாசிக்கிறவர் வெரோனேசேயே, சிவப்பு உடையில் பெரிய வாத்தியத்துடன் இருப்பவர் டிஷியன், கூட டின்டொரெட்டோ, பஸ்ஸானோ. வெனிஸின் போட்டி ஓவியர்கள் எல்லாரும் ஒரே கச்சேரியில். ஓவியம் முடிந்து நூறு வருஷத்துக்குப் பிறகு எழுத்தில் வந்த செய்தி இது, ஆனாலும் டிஷியன் முகம் நிஜமாகவே டிஷியன் மாதிரிதான் இருக்கிறது, நான் நம்பிவிட்டேன். விருந்தினர்களில் சுல்தான் சுலைமான், பேரரசர் ஐந்தாம் சார்லஸ், பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் என்று பெரிய பட்டியல் ஒன்றும் சொல்வார்கள். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ராஜாக்களைத் தேட ஆரம்பித்தால் ஊற்றுகிறவனை விட்டுவிடுவீர்கள்.

இன்னும் ஒன்று பாருங்கள். இத்தனை பேர் இருக்கிற பந்தியில் வாய் திறந்து பேசுகிறவர்கள் இல்லை என்றே சொல்லலாம். சைகை இருக்கிறது, பார்வை இருக்கிறது, பேச்சு இல்லை. இதற்குக் காரணம் தேடி வெனிஸுக்குப் போக வேண்டும், அறைக்கு நான் ஏன் மூன்று மதிப்பெண் குறைத்தேன் என்பதற்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் படம் அருங்காட்சியகத்துக்காக வரைந்ததல்ல, கோயில் பீடத்துக்காகவும் இல்லை. வெனிஸில் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவில் இருந்த பெனடிக்ட் சபை மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்காக வரைந்தது. கூடத்தைக் கட்டிக் கொடுத்தவர் ஆந்திரேயா பல்லாடியோ. 1562 ஜூன் 6ஆம் தேதி ஒப்பந்தம்: 324 டுக்காட் பணம், சாப்பாடு, ஒரு பீப்பாய் ரசம், உயர்தர வண்ணங்கள்தான் போட வேண்டும் என்ற நிபந்தனை. அடுத்த வருஷம் செப்டம்பரில் வெரோனேசே முடித்துக் கொடுத்துவிட்டார், அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. பெனடிக்ட் சபை விதிப்படி சாப்பாட்டு நேரத்தில் துறவிகள் பேசக் கூடாது, ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். ஆளுக்கு இவ்வளவுதான் ரசம் என்று அளவும் அதே விதியில் இருக்கிறது. அளந்து ஊற்றிய ரசத்தோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களின் தலைக்கு மேலே, தீர்ந்த ரசம் பெருகி வழிகிற இந்தக் கலியாணம்! அந்தக் காலத்துத் துறவிகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

அங்கே படம் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்தது. உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அண்ணாந்து பார்க்கும்போது பல்லாடியோவின் கூடம் சுவரோடு முடியாமல் படத்துக்குள் நீண்டு போகும். நிஜச் சுவர்களுக்கு அடுத்து வரைந்த தூண்கள், நிஜ மேசைகளுக்கு அடுத்து வரைந்த மேசை, கடைசியில் திறந்த வானம். லூவரில் படத்தை அதைவிட நன்றாகத் தாழ்த்தி மாட்டியிருக்கிறார்கள். நாய்கள் நம் முகத்துக்கு நேரே இருக்கின்றன, அது ஒரு வசதிதான், ஆனால் மேசை முன்னால் சரிந்து விழுகிற மாதிரி தெரிகிறது, வானம் எட்டாத உயரத்தில் தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெரோனேசே எல்லாக் கோடுகளையும் ஒரே புள்ளியில் சேர்க்கவில்லை, கட்டடங்களுக்கு ஒரு கண்மட்டம், மேசைக்கு வேறு கண்மட்டம் என்று பிரித்து வைத்திருக்கிறார். சரியான உயரத்தில் இது ஏமாற்று என்று தெரியாது. தாழ்த்தி மாட்டினால் தையல் தெரிந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் உயர்த்திப் பார்க்காமலும் இல்லை. 1992இல், சீரமைப்பு முடியும் தறுவாயில், முதலில் மழைத் தண்ணீர் ஒழுகிப் படத்தின் மேல் தெறித்தது. இரண்டு நாள் கழித்துச் சுவரில் இன்னும் மேலே ஏற்றும்போது தாங்கி உடைந்து படம் தரையில் விழுந்தது, இரும்புச் சட்டம் குத்தி ஐந்து இடங்களில் கிழிந்தது. நல்ல வேளையாக முகங்கள் எதுவும் போகவில்லை, கட்டடமும் பின்னணியும்தான். அதைத் தைத்துச் சரி செய்துவிட்டார்கள், வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

பாரிஸுக்கு எப்படி வந்தது? 1797இல் நெப்போலியனின் படை எடுத்துக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். நெப்போலியன் வீழ்ந்த பிறகு எத்தனையோ ஓவியங்கள் இத்தாலிக்குத் திரும்பின, இது திரும்பவில்லை. இவ்வளவு பெரியதை மறுபடி ஏற்றி இறக்கினால் தாங்காது என்று சொல்லி, பதிலுக்கு சார்ல் லெ ப்ரன் வரைந்த ஒரு விருந்துக் காட்சியை வெனிஸுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆனால் அந்தத் 'தாங்காத' படம்தான் 1870இல் பிரஷ்யப் போருக்குப் பயந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தது. அந்தப் பண்டமாற்று நியாயமா இல்லையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், வெனிஸ்காரர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

சரி, போகிறவர்களுக்கு. செவ்வாய்க்கிழமை லூவர் விடுமுறை. புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும், போனால் அந்த மாலைகளில் போங்கள், ஆனால் மூடுவதற்கு அரை மணி முன்பே அறைகளைக் காலி செய்ய ஆரம்பித்துவிடுவார்கள் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கதவு திறந்ததும் போகலாம் என்ற யோசனை இந்த அறைக்குச் சரிப்படாது, கதவு திறந்ததும் எல்லாரும் ஓடி வருவதே இங்கேதான். நுழைவுக் கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ, அதற்கு முன்பு எல்லாருக்கும் 22. இந்த ஒரு படத்துக்காக 32 கொடுக்கலாமா என்று கேட்டால், ஒரு மணி நேரம் நிற்கத் தயார் என்றால் தாராளமாக. பத்து நிமிஷம்தான் என்றால் வேண்டாம், லூவரின் இணையதளத்தில் இருக்கிற படமே போதும்.

நிற்கிற இடம் முக்கியம். முழுப் படமும் கண்ணுக்குள் வர வேண்டும் என்றால் குறைந்தது அதன் அகலம் அளவுக்காவது பின்னால் போக வேண்டும், போனால் மோனா லிசா வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் முதலில் கிட்டேயே இருங்கள். கூட்டம் எதிர்ப்பக்கம் பார்ப்பதில் நமக்கு ஒரு லாபம், இந்தப் படத்துக்கு முன்னால் யாரும் மறைக்க மாட்டார்கள், உலகத்தின் புகழ்பெற்ற ஓவியங்களில் இப்படி வசதியாகக் கிட்டே நிற்க முடிகிறவை ரொம்பக் கம்மி. வலது மூலை, இடது ஓரம், நடு, மேலே என்று ஒரு சுற்று முடித்துவிட்டு அப்புறம் பின்னால் போங்கள், வரிசைத் தடுப்பின் ஓரமாக, கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. முடிந்தால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண்மட்டம் இறங்க இறங்க மேசை நேராகும், தூண்கள் எழுந்து நிற்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். மேல்தளத்தில் இருக்கிறவர்களின் முகம் தெரிய ஒரு சின்ன பைனாகுலர் உதவும், போன் கேமராவில் ஜூம் செய்தாலும் ஓரளவுக்கு வரும்.

வழிகாட்டியோடு போகிற குழுக்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், குறைந்தபட்சம் இந்தப் படத்துக்கு. பெரும்பாலும் மோனா லிசாவைக் காட்டி முடித்துவிட்டு, கையை இந்தப் பக்கம் வீசி, அளவைச் சொல்லி, நெப்போலியன் கதையைச் சொல்லி, கிளம்பிவிடுகிறார்கள். குள்ளரின் கையில் இருக்கிற பச்சைக் கிளியைக் காட்டிச் சிரிக்க வைக்கிறவர்கள் உண்டு. கிளி அழகுதான். இதே வெரோனேசே பத்து வருஷம் கழித்து இன்னொரு விருந்துப் படத்தில், இயேசுவின் கடைசி இராப்போஜனத்தில், கோமாளியையும் கிளியையும் போட்டதற்காக 1573 ஜூலையில் சமய விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். கவிஞர்களுக்கும் பைத்தியக்காரர்களுக்கும் உள்ள சுதந்திரம் ஓவியர்களுக்கும் உண்டு என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார், பிறகு படத்தைத் திருத்தாமல் தலைப்பை மட்டும் 'லேவி வீட்டு விருந்து' என்று மாற்றிவிட்டுப் போய்விட்டார். அது இப்போது வெனிஸின் அக்காதெமியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெனிஸ் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு சான் ஜோர்ஜோ மஜ்ஜோரேவுக்கும் ஒரு எட்டு போய்வர வேண்டும். சான் ஸக்கரியாவில் 2ஆம் எண் படகு ஏறினால் அடுத்த நிறுத்தம். மடத்தை இப்போது சீனி அறக்கட்டளை நடத்துகிறது, சாப்பாட்டுக் கூடத்துக்குள் போக முன்பதிவு செய்துகொள்வது நல்லது. 2006இல் ஃபாக்டம் ஆர்ட்டே என்ற நிறுவனம், லூவர் மூடியிருந்த நேரங்களில், மூலப் படத்தை அங்குலம் அங்குலமாக ஸ்கேன் செய்து, அதே அளவில் ஒரு நகல் தயாரித்தது. 2007 செப்டம்பர் 11ஆம் தேதி, 1797இல் படத்தைப் பறிகொடுத்த அதே தேதியில், அதைப் பழைய சுவரில், பழைய உயரத்தில் மாட்டினார்கள். நகல்தானே என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம். வெள்ளைப் பட்டின் தூரிகைத் தீற்றலுக்கு அது ஈடாகாது, கிட்டே போனால் வண்ணத்தின் உயிர் இல்லை என்பது தெரியும். ஆனால் மேசை சரியவில்லை, தூண்கள் கூடத்தோடு சேர்ந்துகொள்கின்றன, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம் வரைந்த வெளிச்சத்தோடு ஒத்துப்போகிறது. நகலுக்கு நான்கு, அந்தக் கூடத்துக்கு ஐந்து. இரண்டு ஊருக்கும் போக முடிகிறவர்கள் முதலில் வெனிஸைப் பார்த்துவிட்டுப் பிறகு பாரிஸ் வந்தால், 711ஆம் அறையில் எவ்வளவு குனிய வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.